புதுப்பிப்பு: திறந்ததும் உறையும் 6502 எமுலேட்டர் (தீர்ந்தது)

என் 6502 எமுலேட்டர் (6502 என்ற பழைய சிபியூவைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) திறந்ததும் உறைந்துபோகிறது, ரீசெட் அழுத்தினால் மட்டும் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா? பிடித்தாயிற்று.

ரீசெட்டில் சிபியூ 65532, 65533 முகவரிகளைப் படித்துத்தான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும். முதல் தடவை அங்கே ரோம் (நிரல் இருக்கும் நினைவகம்) இன்னும் ஏறவில்லை, வெறும் 0. அதனால் சிபியூ முகவரி 0-இலிருந்து தொடங்கும், அங்கேயும் 0. ஆப்கோடு (கட்டளை எண்) 0 என்றால் பிஆர்கே, அதாவது குறுக்கீடு எழுப்பும் கட்டளை. அதன் வெக்டரும் (அடுத்து எங்கே தாவுவது என்று சொல்லும் முகவரி) 0. அப்புறம் என்ன, அங்கேயே சுழல வேண்டியதுதான். இரண்டாவது ரீசெட்டுக்குள் ரோம் வந்துவிடுவதால் எல்லாம் சரி.

ரோம் முதலில் ஏறும்படி வரிசையை மட்டும் மாற்றினால் நாளைக்கே வேறு சாதனம் உடைக்கும். அதனால் க்யூஎம்யூ (இன்னொரு எமுலேட்டர்) பாணியில் ரீசெட்டைக் கட்டங்களாகப் பிரித்தேன்: முதலில் ஒவ்வொரு சாதனமும் தன் நிலையை மட்டும் திருத்தும், ரோமும் ஏறும், கடைசியில்தான் சிபியூ தன் ரீசெட் வெக்டரைப் (65532, 65533) படிக்கும்.