பருப்பு வேகிற தண்ணி

தண்ணீரிலிருந்து புளோரைடை மட்டும் பிரித்தெடுக்கும் மின்முனைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இரண்டாம் ஆண்டில் அதைத் திசை திருப்பியவர் தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டி ஒருவர்.

போர் தண்ணீரில் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். கேனில் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "இந்தத் தண்ணிக்கு என்ன கண்ணு குறை? பருப்பு பூவாட்டம் வேகும். சோப்பு நல்லா நுரைக்கும்." அருகில் நின்ற பேத்தி சிரித்தாள். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள், தண்ணீரில் புளோரைடு அதிகமானால் வருபவை.

புளோரைடுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கேனில் 3-க்கு மேல் இருந்தது.

அதுவரை சோடியம் புளோரைடை வாலை வடிநீரில் கரைத்துத்தான் சோதித்துவந்தேன். மின்முனைக்கு, கார்பன் தூளில் லாந்தனம் என்ற உலோகத்தை ஏற்றி, பிணைப்பானோடு சேர்த்துக் குழைத்து, தோசை மாவுப் பதத்தில் கிராஃபைட் தாள்மேல் மெல்லிசாக இழுக்க வேண்டும். பதம் இளகிவிட்டால் காயும்போது ஏரி வண்டல் மாதிரி வெடித்துவிடும். இந்தப் பதம் கைவரவே எனக்கு நாலு மாதம் ஆனது. 1.2 வோல்ட் கொடுத்தால் எதிர்மின் அயனிகள் நேர்மின்முனையின் நுண்துளைகளில் போய் ஒட்டும். ஆனால் புளோரைடு சின்ன அயனி, தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்திருக்கும். வெறும் கார்பன் என்றால் குளோரைடுதான் முந்திக்கொள்ளும். அதனால்தான் லாந்தனம். புளோரைடு அளக்கும் கருவியின் முனையில் இருப்பதே லாந்தனம் புளோரைடு படிகம்தான், அவ்வளவு ஒட்டுதல்.

வடிநீரில் அழகாக வேலை செய்த அதே மின்முனை, பாட்டி ஊர்த் தண்ணீரில் பாதிகூடப் பிடிக்கவில்லை. மின்முனை பொருத்திய செல்லைப் பிரித்து மாட்டினேன், கசிவு பார்த்தேன், புதுத் தாள் இழுத்தேன். மூன்று வாரம் போனது. அப்புறம்தான் பாட்டி சொன்னது மண்டையில் உறைத்தது.

பருப்பு சீக்கிரம் வேகிறது என்றால் கால்சியம் குறைவு, பைகார்பனேட் அதிகம். ஆப்ப சோடா போட்டு வேகவைப்பதும் இதே கணக்குதான். கால்சியம் இருந்திருந்தால் புளோரைடு அதோடு சேர்ந்து கொஞ்சமாவது படிந்திருக்கும். அது இல்லாததால்தான் பாறையிலிருந்து கரைந்த புளோரைடு தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. கூடவே இருக்கிற பைகார்பனேட், லாந்தனத்தில் புளோரைடு உட்கார வேண்டிய இடத்துக்குப் போட்டி போடுகிறது. பாட்டி பெருமையாகச் சொன்ன குணமும் என் மின்முனையைக் கெடுத்ததும் ஒன்றேதான். அன்று வீட்டுக்குப் போகவே மனமில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அன்றிலிருந்து பைகார்பனேட், குளோரைடு, சல்பேட் மூன்றும் கலக்காமல் ஒரு சோதனைகூடச் செய்ததில்லை. ஆய்வுக் கட்டுரையில் வரும் எண்கள் முன்பைவிடக் குறைவு. ஆனால் அவற்றை நம்பலாம்.

அடுத்த முறை போனபோது விஷயத்தைச் சொன்னேன். பேத்தியின் முகவாயைப் பிடித்துப் பல்லைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி கண்ணு, அதை எடுத்துட்டா பருப்பு வேகுமா?"

திரும்பி வந்து, செல்லில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த நீரில் ஒரு பீக்கரும், அந்த ஊர்ப் போர் தண்ணீரில் இன்னொரு பீக்கருமாக ஹாட் பிளேட்டில் துவரம்பருப்பு போட்டேன். இரண்டும் வெந்தன. நம்முடையது கொஞ்சம் பிந்தி.