நுளம்புக்கடிக்கு வாசனை எண்ணெய் பூசலாமா?

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு தாய்)

வணக்கம். மாரி தொடங்கியதிலிருந்து பின்னேரம் ஐந்தரைக்கே கதவு, யன்னல்களைச் சாத்திவிடுகிறோம். ஆனாலும் வாவிக்கரையோரம் என்பதால் நுளம்பு குறையவில்லை. நான்கு வயது மகளுக்கு ஒவ்வொரு கடியும் 5 ரூபாய்க் குற்றியளவு தடித்துச் சிவக்கிறது. நித்திரையிலேயே ஒரு குதிக்காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். விடியும்போது விரிப்பில் இரத்தப் பொட்டுகள் தெரிகின்றன.

வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனி டீ ட்ரீ, லவெண்டர், பெப்பர்மின்ட் என மூன்று சிறு போத்தல்கள் தந்திருக்கிறார். அவற்றைத் திறக்க யோசித்துக்கொண்டு, சென்ற கிழமை வீட்டிலிருந்த கராம்பு எண்ணெயில் ஒரு துளியை அப்படியே கணுக்காலில் தடவிவிட்டேன். பிள்ளை வீரிட்டு அழுதாள். அந்த இடம் இரண்டு நாட்கள் சிவந்தே கிடந்தது. இந்த எண்ணெய்களில் எதையாவது பிள்ளைக்குப் பூசலாமா? பூசுவதானால் எவ்வளவு?

பதில் (அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்)

தங்கச்சி, கராம்பு எண்ணெயைப் பல்வலிக்குப் பயன்படுத்துகிறோம் என்பதால் அது சாதுவானது என்று பலரும் நம்பிவிடுகிறோம். அதிலுள்ள யூஜினோல் மென்மையான தோலைச் சுடக்கூடியது. கறுவா எண்ணெயும் அப்படித்தான். இரண்டையும் பிள்ளையின் தோலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

நுளம்பு இரத்தத்தை உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் இறங்குகிறது. அதை எதிர்த்து உடல் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுவதால்தான் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. பெப்பர்மின்டிலுள்ள மெந்தோல் இதில் எதையும் நிறுத்துவதில்லை. குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டி, அரிப்பைச் சிறிது நேரம் மறக்கச் செய்கிறது, அவ்வளவுதான். டீ ட்ரீ எண்ணெய் ஹிஸ்டமினால் வரும் வீக்கத்தைச் சற்றுக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. (பெயரைப் பார்த்து நம் மலையகத் தேயிலையிலிருந்து எடுப்பதென எண்ண வேண்டாம், அது அவுஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரம்.) லவெண்டருக்கு அவ்வளவு ஆதாரம்கூட இல்லை.

பெரியவர்களுக்கென்றால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் ஒன்று அல்லது இரண்டு துளிகள் போதும். அது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவு. உங்கள் மகளுக்கு, பூசித்தான் ஆக வேண்டுமென்றால், இரண்டு தேக்கரண்டிக்கு ஒரு துளி லவெண்டர் மட்டும். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சொறிந்து தோல் உரிந்த இடத்திலும் கண், மூக்குப் பக்கத்திலும் படவே கூடாது. பெப்பர்மின்டும் யூக்கலிப்டஸும் இந்த வயதுக்கு வேண்டாம்.

உண்மையில் நான் முதலில் சொல்ல வேண்டியது வேறு. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்து, அதன்மேல் கலமைன் என்ற அரிப்பைத் தணிக்கும் பூச்சு மருந்தைப் பூசுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இரவில் தூங்க முடியாத அளவுக்கு அரித்தால், அரிப்பைக் குறைக்கும் பாணி மருந்தை நிறைக்கேற்ற அளவில் தர வைத்தியரிடம் கேளுங்கள். போத்தல்களைப் பூட்டி வையுங்கள். இவற்றை ஒரு மிடறு குடித்தாலே சிறுபிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

பதில் (வெல்லாவெளி, விவசாயி)

தாதியம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடி என்று நாம் நினைப்பதெல்லாம் கடியல்ல. வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாடியில் விளக்கைக் கொளுத்தினால், எறும்பைப்போல் ஒல்லியாக, செம்மஞ்சளும் கறுப்புமாக ஒரு வண்டு வரும். அது கடிப்பதில்லை; கழுத்தில் ஊரும்போது நசுக்கிவிட்டால் அதன் நீர் பட்டு, மறுநாள் கோடுபோலக் கொப்புளம் எழும்பி எரியும். நான் நுளம்பென்று எண்ணி யூக்கலிப்டஸ் எண்ணெயை நன்றாகத் தேய்த்தேன். எரிச்சல் தாங்க முடியாமல் போனது. கழுத்தில் விரல் நீளத்துக்கு ஏற்பட்ட கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் மாறவில்லை. அந்த வண்டைக் கண்டால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நீர் பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

பதில் (கல்முனையிலிருந்து)

அஸ்ஸலாமு அலைக்கும். போத்தல் எப்போது திறந்தது என்பதையும் பார்க்க வேண்டும், சகோதரி. டீ ட்ரீயும் லவெண்டரும் காற்றும் வெயிலும் பட்டுப் பழசாகும்போது, தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் தன்மை கூடிவிடுகிறது. என் உம்மா யன்னலோரம் வைத்திருந்த பழைய போத்தலிலிருந்து பூசிக் கை முழுக்கத் தடித்துப்போனது. நம் ஊர் வெக்கைக்கு அலுமாரிக்குள், இருட்டில்தான் வைக்க வேண்டும். இன்னொன்று: கடியோடு காய்ச்சலும் வந்தால் எண்ணெயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டெங்கு இருக்கக்கூடும், அஸ்பிரின், ஐபுபுரூஃபன் கொடுக்காமல், பரசிற்றமோல் மட்டும் கொடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

கல்லடித் தாயின் பதில்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு எண்ணெயேதும் பூசாமல் ஈரத்துணியும் கலமைனும் மட்டும் வைத்தேன். இரண்டு தடவைதான் எழும்பினாள். லவெண்டர் கலவையை இன்று அவளுடைய முன்கையில் தடவிப் பார்க்கிறேன். மீதியாகும் கலவையை எத்தனை நாள் வைத்திருக்கலாம், அக்கா?

பதில் (அக்கரைப்பற்று)

வைக்க வேண்டாம், தங்கச்சி. இரண்டு தேக்கரண்டிதானே, தேவைப்படும் அன்றைக்குப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். முன்கை சிவந்தால் உடனே சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, கலமைனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.