டபுள் எட்ஜ் ரேசர் வாங்கி மூணு ஷேவ், மூணு தடவயும் கழுத்துல ரத்தம்... எங்க தப்பு பண்றேன்?

புதுபிளேடு:
வணக்கம் மக்களே. கார்ட்ரிட்ஜ் (ரெண்டு மூணு பிளேடு சேத்து வர்ற ரேசர்) போட்டா கழுத்து பூரா பொரிப்பொரியா வருதுன்னு போன மாசம் மூணு பீஸா கழட்டுற டபுள் எட்ஜ் ரேசர், அதான் ரெண்டு பக்கமும் கூரான ஒத்த பிளேடு போடுறது, ஒண்ணு வாங்கினேன், யூடியூப்ல ஃபெதர் பிளேடுதான் பெஸ்ட்னு சொன்னாங்க, அதையே மாட்டினேன். மூணு தடவயும் தொண்டைக்குழி பக்கத்துல வெட்டு. அப்புறம் இன்னொன்னு, கோயம்புத்தூர்ல இருந்தப்ப க்ரீம் பட்டாணி அளவு எடுத்தாலே முகம் பூரா நுரை நிக்கும், சென்னை ஓஎம்ஆர் வந்ததுல இருந்து அதே க்ரீம் அதே பிரஷ், ரெண்டே நிமிஷத்துல பால் திரிஞ்ச மாதிரி ஆயி காஞ்சிருது. பேசாம கார்ட்ரிட்ஜுக்கே போயிடவா?

நுரைமாமா:
அவசரப்படாத தம்பி. நுரை நிக்காததுக்கு காரணம் உங்க அபார்ட்மெண்ட் போர் தண்ணி. அதுல இருக்க கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து கரையாத பிசுக்கா மாறிடும், பக்கெட் உள்பக்கம் வெள்ளையா வழுவழுன்னு ஒட்டுதே அதேதான் உன் மூஞ்சிலயும். சிறுவாணி தண்ணில ஷேவ் பண்ணி பழகினவனுக்கு இது புதுசாதான் இருக்கும் 😄 கேன் தண்ணி அரை டம்ளர் எடுத்து வெதுவெதுன்னு ஆக்கி பிரஷ்ஷ நனைக்கறதுக்கு மட்டும் வச்சுக்கோ, முகம் கழுவ போர் தண்ணியே போதும்.

வெட்டுக்கு காரணம் நீ அமுக்குற, கார்ட்ரிட்ஜ் பழக்கம். கைப்பிடிய மொதல்ல கன்னத்துக்கு நேர் குத்தா பிடி, மேல் மூடி மட்டும்தான் தோல்ல படும், பிளேடு படாது. அப்படியே கைப்பிடிய மெதுவா கீழ எறக்கிட்டே வா, கரகரன்னு முடி அறுபடுற சத்தம் வருதா, அங்கயே நிறுத்து, ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அதுக்கப்புறம் ரேசரோட வெயிட்டே வேலய பாத்துக்கும். நாலு இழுப்புக்கு ஒருக்கா அலசு.

கத்திக்காரன்:
இவ்ளோ பாடு எதுக்கு ப்ரோ, சலூன்ல போய் உக்காந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

நுரைமாமா:
சலூன்காரர் போடுறதும் இதே பிளேடுதான்பா, பாதியா ஒடிச்சு கத்தில சொருகுறாரு, அதுக்கு தடுப்பு கூட கெடையாது. ஆனா எடது கைய கவனிச்சிருக்கியா, தோல இழுத்துப் பிடிச்சுட்டுதான் ஒவ்வொரு இழுப்பும். அப்படி தோல இழுத்துப் பிடிக்கறதுதான் பாதி வித்தை.

ரெட்டைமுனை:
ஃபெதர் நல்ல பிளேடு, நானே யூஸ் பண்றேன், ஆனா கத்துக்கற கைக்கு அது வேண்டாம். ரொம்ப ஷார்ப், சின்ன தப்புக்கும் மன்னிப்பே கெடையாது. யூடியூப்ல சொல்றவங்க பத்து வருஷமா பண்றவங்கன்றத யாரும் சொல்றதில்ல. மளிகைக் கடைல கெடைக்கற செவன் ஓ க்ளாக்கோ டோப்பாஸோ போட்டு ஒரு மாசம் ஓட்டு. கில்லெட் 1904ல பேட்டண்ட் வாங்கின காலத்துல இருந்து அடிப்படை அதேதான், மெல்லிசா ஒரு பிளேடு, தேஞ்சா தூக்கிப் போட்டு வேற மாட்டு, அதனால மாத்தி மாத்தி பாக்கறதுக்கு பெருசா செலவும் இல்ல. ஆனா க்ரீம், பிளேடு, ரேசர்னு எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்திடாத, எதனால சரியாச்சுன்னே தெரியாது.

கழுத்துல முடி கீழ் நோக்கித்தான் வளரும்னு நெனச்சுக்காத. ஷேவ் பண்ணி ரெண்டு நாள் கழிச்சு விரலால தடவிப் பாரு, எந்தப் பக்கம் வழுவழுன்னு போகுதோ அதுதான் முடி போற பக்கம். எனக்கு எடது பக்கம் காத நோக்கி சாஞ்சு போகும். மொதல் மாசம் அந்தப் பக்கமாவே இழு, ரிவர்ஸ் கிட்டயே போகாத, பொரி வர்றதே பாதி அதனாலதான். தொண்டைக்குழி மேல நேரா ஓட்டாம தோல ஓரமா இழுத்து தட்டையான எடத்துக்கு கொண்டு வந்து வழி. கடைசில படிகாரத்த நனைச்சு தேய், எங்க சுரீர்னு எரியுதோ அங்க அமுக்கிட்டன்னு அர்த்தம்.

புதுபிளேடு:
ரெண்டு வாரம் கழிச்சு வரேன். கேன் தண்ணி மேட்டர் நெசமாவே வேலை செய்யுது மாமா, நுரை கெட்டித் தயிர் மாதிரி நிக்குது. டோப்பாஸ் போட்டேன், நேத்து ரத்தமே இல்ல, படிகாரம் மட்டும் தாடைக்கு கீழ ஒரு எடத்துல எரிஞ்சுது. பழைய பிளேட என்ன பண்றீங்க, குப்பைல போடலாமா?

நுரைமாமா:
அப்படியே போட்டுடாத, குப்பை பிரிக்கறவங்க வெறுங்கையாலதான் அள்ளுறாங்க. பழைய பவுடர் டப்பா மூடில பிளேடு நொழையற அளவு ஒரு கீறல் போட்டு உள்ள தள்ளிட்டே இரு. என் டப்பா ஆறு வருஷமா இன்னும் ரொம்பல.