ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு பல வருடமாக இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 74 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, வந்து 8 வருடம் ஆகிறது, முதலில் வந்து வந்து போனது, இப்போது விட்டபாடில்லை. ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் காலை ஒன்று இரவு ஒன்று, துடிப்பின் வேகம் குறைய மெட்டோப்ரோலால். இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று தெரிந்ததிலிருந்து ஒரு வேளை மாத்திரையும் தவறவிட்டதில்லை.

பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவில்தான் கஷ்டம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் யாரோ தட்டுவது போல, இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல். வலப்பக்கம் திரும்பினால் கொஞ்சம் அடங்கும். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?

வீட்டு பிபி மெஷினும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் காட்டுகிறது. துடிப்பு சீராக இல்லாவிட்டால் அப்படித்தான், மூன்று தடவை எடுத்து சராசரி பாருங்கள் என்றார் டாக்டர். சரி, செய்கிறேன்.

70 வயதுக்கு மேல் அப்லேஷன் (மெல்லிய குழாய் விட்டு, துடிப்பைக் கலைக்கும் இதயத் திசுவைச் செயலிழக்க வைக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மூச்சு வாங்குவது குறைந்ததா? மாடி ஏற முடிகிறதா? மனைவி பயப்படுகிறாள், எனக்கும் பயம்தான்.