எல்லா வயதினரும் சேர்ந்து விசுவாசத்தில் வளர வழி கேட்கிறேன்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிப் பொறுப்பில் இருக்கிறேன். சிறுவர், வாலிபர், முதியோர் எனக் கூடுகைகள் தனித்தனியே நன்றாகவே நடந்தாலும், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்கள் தம் விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் சபைச் சடங்கு) முடிந்த பிள்ளைகள் பலர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுவது என்னை வாட்டுகிறது. அப்போஸ்தலன் பவுலின் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்ததாகப் பவுல் எழுதுகிறார். உபாகமம் 6-ஆம் அதிகாரமும் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் பொறுப்பை வீட்டிடமே ஒப்படைக்கிறது. வகுப்பறையை மட்டும் நம்பி நாம் தவறிவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

சென்ற மாதம் மூத்த தாயார் ஒருவர், தம் பழைய வேதாகமத்தில் அடிக்கோடிட்டிருந்த சங்கீத வசனத்தை ஒன்பது வயதுச் சிறுமிக்குக் காட்டி, மகன் காய்ச்சலில் கிடந்த இரவில் அதை வாசித்ததைச் சொன்னார். அடுத்த ஞாயிறு அச்சிறுமி தானாகவே அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

இத்தகைய உறவை வற்புறுத்தாமல் வளர்ப்பது எப்படி? எல்லா வயதினரும் கூடும் ஆராதனையை நடத்துகிறவர்கள், பிரசங்கத்தின் நீளத்தையும், குழந்தைகளின் சத்தத்தால் வரும் மனத்தாங்கலையும் எவ்வாறு கையாளுகிறீர்கள்? வாலிபரை மூத்தோருடன் ஜெபத்தில் இணைத்த அனுபவம் இருந்தால், பலன் தராதவற்றையும் சேர்த்து, தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.