பிலடெல்பியாவில் உங்களை நகரவிடாமல் நிற்கவைத்த இடம் எது? மூன்று பேரின் பதில்கள்:

பிலடெல்பியா போகிறவர்கள் முதலில் ஓடுவது, விரிசல் விட்ட அந்தப் பழைய விடுதலை மணியைப் (Liberty Bell) பார்க்கத்தான். நுழைவு இலவசம் என்பதால் வெயில் ஏற ஏற வரிசையும் நீண்டுகொண்டே போகும். அந்த வரிசையில் நிற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்திலேயே கூரையில்லாமல், அரைகுறைச் சுவர்களோடு ஓர் இடம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1790 முதல் 1797 வரை குடியிருந்த வீடு அங்கேதான் இருந்தது. அப்போது நாட்டின் தலைநகரமே பிலடெல்பியாதான். 2007இல் தோண்டியபோது கிடைத்த அஸ்திவாரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

நான் போன அன்று ஒரு கறுப்பினப் பாட்டி, சுவரில் செதுக்கியிருந்த ஒன்பது பெயர்களையும் பேத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் வாஷிங்டன் அந்த வீட்டில் வைத்திருந்த அடிமைகளின் பெயர்கள். ஓனி ஜட்ஜ் என்ற பெயர் வந்ததும், "இவள் தப்பித்துப் போனவள்" என்றார். "பிடித்துவிட்டார்களா?" என்றாள் சிறுமி. "கடைசிவரை முடியவில்லை!" என்று பாட்டி சொன்னதில், சொந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசும் பெருமை இருந்தது.

பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கினால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் முடியுமுன் வாஷிங்டன் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்தார். நாட்டின் தலைவரே இப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1796இல் குடும்பம் வர்ஜீனியாவுக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஓனியும் தன் மூட்டையைக் கட்டினார். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியேறி, கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர் சேர்ந்தார். வாஷிங்டன் ஆள் விட்டும் அவர் திரும்பவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டப்படி அவருக்கு விடுதலை கிடைக்கவும் இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மணியிடம் போங்கள். 'நாடெங்கும் வாழும் அனைவருக்கும் விடுதலையை அறிவியுங்கள்' என்ற பைபிள் வாசகம் அதன் மேல் இருக்கிறது. ஓனி வேலை செய்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் அப்போது அந்த மணி தொங்கியது. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, 1830களில் அதற்கு விடுதலை மணி என்று பெயர் சூட்டியவர்கள் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்கள். அதற்கு முன் அது வெறும் அரசு மாளிகை மணி. விரிசலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

* * *

நான் மதுரைக்காரி. எனக்கு அந்த இடம் கலை அருங்காட்சியகம். வாசலில் 72 படிகள் ஏறிக் கை தூக்கிப் படம் எடுப்பவர்களைத் தாண்டி உள்ளே போனால், நம்ம ஊர் மண்டபம் ஒன்று நிற்கிறது! மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த, 16ஆம் நூற்றாண்டுக் கருங்கல் தூண்கள். கருடன், அனுமன் எல்லாம் ஆள் உயரத்துக்கு. 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண், குவியலாகக் கிடந்த இந்தக் கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுபோயிருக்கிறார். அவர் இறந்தபின் 1919இல் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

நான் ரொம்ப நேரம் நின்றதைப் பார்த்த காவலர் பக்கத்தில் வந்து, "இது உங்கள் ஊரா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் கேள்வி மேல் கேள்வி. அங்கே விளக்கு எங்கே எரியும், மக்கள் எங்கே உட்காருவார்கள், சாமி எந்தப் பக்கம் இருக்கும்? மண்டபத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம், வெயில் நேரத்தில் தூங்குபவர்களும் உண்டு என்றேன். தினமும் பார்க்கிற தூணை அவர் புதிதாகப் பார்த்தார். இது திரும்பி வரவேண்டும் என்று எனக்குள் ஒரு பக்கம் சொல்கிறது. குவியலாகவே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. மதுரையிலிருந்து யார் போனாலும் அங்கே போய் நின்று பாருங்கள், உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

* * *

என் ஓட்டு கிழக்கு மாநிலச் சிறைக்கு (Eastern State Penitentiary). 1829இல் திறந்து 1971இல் மூடிய சிறை, இப்போது உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். கைதியைத் தனியாக அடைத்துவைத்தால் மனம் திருந்துவான் என்று நம்பிக் கட்டினார்கள். அறைக்கு ஒரு கூரைத் திறப்பு, அதில் துண்டு வானம், அவ்வளவுதான். சிகாகோ தாதா அல் கபோன் இருந்த அறையில்தான் கூட்டம். நீங்கள் ஆளில்லாத ஓர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்புறம், குளிர்காலத்தில் போனால் கனமான ஜாக்கெட் கட்டாயம், உள்ளே பெரும்பாலான இடங்களில் ஹீட்டர் கிடையாது.