2.303 எங்கிருந்து வந்தது? உங்கள் லாக் (மடக்கை) கதைகளையும் சொல்லுங்கள்

எங்கள் காலத்து ப்ளஸ் டூ வேதியியலில் முதல் வகை வினை (வினைபடுபொருளின் செறிவுக்கு ஏற்ற வேகத்தில் நடக்கும் வினை) என்றால் கண்ணை மூடிக்கொண்டு 2.303 எழுதுவோம். அது எங்கிருந்து வந்த எண் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணைப் புத்தகத்தைப் பிரி, லாக் பார், 2.303-ஆல் பெருக்கு, விடையைக் கட்டம் கட்டு. கல்லூரியில் ஒருநாள் பொழுது போகாமல் கால்குலேட்டரில் 10-ஐ அடித்து எல்என் (ln, இயல் மடக்கை) பொத்தானைத் தட்டினேன். 2.302585 என்று வந்து நின்றது! அப்போதுதான் உறைத்தது. வினைபடுபொருளின் செறிவு ஈ (e, சுமார் 2.718) என்ற எண்ணின் அடுக்கில் குறைகிறது; அடுக்கில் இருக்கும் நேரத்தைக் கீழே இறக்க அதே ஈ-யை அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை வேண்டும். நம் கையில் இருந்த அட்டவணையோ 10 அடிமானத்தில் போட்டது. அதிலிருந்து இதற்கு மாற்றும் கூலிதான் 2.303. அரைவாழ்வில் வரும் 0.693-ஐத் தேடிப்போனால், அது 2-இன் இயல் மடக்கை.

* * *

எனக்கு நடந்தது நேர்மாறு. லாக் தெரியும் என்ற திமிரில் அப்பாவிடம் அசடு வழிந்தேன்.

ஒரு லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் டெபாசிட் போட்டுவிட்டு, "எப்பப்பா ரெண்டு லட்சம் ஆகும்?" என்று கேட்டார். 1.07-இன் எத்தனையாவது அடுக்கு 2? இருபுறமும் இயல் மடக்கை எடுத்தேன். 2-இன் மடக்கை 0.6931-ஐ 1.07-இன் மடக்கை 0.0677-ஆல் வகுத்தால் 10.24. பத்தே கால் வருஷம் என்றேன். "பேங்க்ல பத்து வருஷம்னாங்களே" என்றார். அவர்கள் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று அடித்துப் பேசினேன்.

ராத்திரி ரசீதை எடுத்துப் பார்த்தால், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்கிறது. அப்படியானால் 1.07 இல்லை, 1.0175. இப்போது 0.6931-ஐ 0.01735-ஆல் வகுத்தால் 39.95 காலாண்டு. 40 காலாண்டு என்றால் பத்து வருஷமேதான். லாக் போட்டதில் பிசகில்லை, சமன்பாட்டையே தப்பாக எழுதியிருக்கிறேன். காலையில் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார்.

* * *

டியூஷன் எடுக்கிறேன். 5-இன் எக்ஸ் அடுக்கு 20 என்று கொடுத்தால், 20-இன் மடக்கையை 5-இன் மடக்கையால் வகுக்கும் இடம்வரை பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள். அப்புறம் மேலும் கீழும் உள்ள எல்என்-ஐ அடித்துவிட்டு 4 என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் 4-இன் மடக்கை, 1.386 என்பார்கள். இரண்டுமே தப்பு. 5-இன் முதல் அடுக்கு 5, இரண்டாவது 25. 20 என்பது 25-க்குப் பக்கத்தில் இருப்பதால் விடையும் 2-ஐ ஒட்டித்தானே வர வேண்டும்? சரியான விடை 1.861. லாக் போடுவதற்கு முன்னாலேயே இந்த மதிப்பீட்டை ஓரத்தில் எழுதச் சொல்கிறேன். பாதிப் பேர் எழுதுவதில்லை.

* * *

நான் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்கேனுக்குப் பயன்படும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம் 99எம்-க்கு அரைவாழ்வு (பாதியாகக் குறையும் நேரம்) 6 மணி நேரம். காலை 7 மணிக்கு 20 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) இருந்தது. 15-க்கு எப்போது இறங்கும்? 20/15-இன் இயல் மடக்கை 0.2877-ஐ 2-இன் மடக்கை 0.6931-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்கினால் இரண்டரை மணி நேரம். ஒன்பதரைக்குள் வந்துவிடுங்கள் என்று நோயாளிக்கு போன் செய்தேன். டிராஃபிக்கில் மாட்டி அவர் வந்து சேர்ந்தது பத்தே காலுக்கு. மறுபடியும் கணக்கு. 13.7.